மாசியில் பூக்கட்டும்

அன்புத் தம்பிக்கு,

வேடசந்தூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கோ 29 தீவனச் சோளம் போட்டிருக்கிறாய், அடுத்த தழைவை விதைக்கு விடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். மாட்டுக்கு அறுத்துப் போடும் வரை அந்தப் பயிர் தொல்லை தராது. விதைக்கு விட்டால்தான் பூஞ்சாணம் தேடி வரும். உன்னைப் போல விதைச்சோளத்தில் இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் விதைக்கு விட்ட வருசம் ஆவணிக் கடைசியில் அறுத்தேன். மறுதழைவு ஐப்பசி அடைமழையில் பூ எடுத்தது. ஒரு வாரம் வெயிலே இல்லை. ஒருநாள் காலையில் கதிரைத் தொட்டால் விரலில் வெல்லப்பாகு போல ஒட்டியது. பூவுக்குப் பூ ஒரு சொட்டு நின்றது, எறும்பும் ஈயும் மொய்த்தன. பயிர் செழிப்பில் தேன் வடிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொட்டு இலையில் ஒழுகி, ஈரத்தில் வெள்ளை மாவாகப் பூத்து, பிறகு கறுத்துப் போனது. களத்தில் அடித்துத் தூற்றியபோது பதர்தான் பறந்தது.

அதுதான் தேன் ஒழுகல் நோய். சென்னை மாகாணத்தில் அரசுப் பூஞ்சாண ஆய்வாளராக இருந்த மக்ரே 1917-லேயே அந்தப் பூஞ்சாணத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. அது நுழைவது முற்றிய மணிக்குள் இல்லை, பூவின் சூலுக்குள். மகரந்தம் முந்திச் சேர்ந்துவிட்டால் சூல் சில நாளில் தப்பிவிடும். குளிரும் மழையும் மகரந்தத்தைக் கெடுத்தால் பூஞ்சாணம் முந்திக்கொள்ளும். சோளக்கதிர் நுனியில் பூக்கத் தொடங்கி அடி நோக்கி இறங்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் உன் விதை இருக்கிறது.

அதனால் மருந்துக்கடைக்குப் போகும் முன் பஞ்சாங்கத்தைப் பார். நம் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. மார்கழிப் பனியும் ஆகாது. பொங்கலையொட்டி அறுத்துவிடு. மறுதழைவு 50 நாளில் பாதிப் பூவுக்கு வரும், அதாவது மாசிக் கடைசி. வெயில் ஏறியிருக்கும், மகரந்தம் நன்றாக உதிரும். பங்குனி முடிவதற்குள் மணி முற்றிவிட்டால் கோடை மழையில் நனைந்து கதிர்ப் பூஞ்சாணம் பிடிக்கிற பயமும் குறையும்.

அப்படியும் மேகம் போட்டு மூடினால் முன்பெல்லாம் மேங்கோசெப், ஏக்கருக்கு 800 கிராம் அடிப்போம்; 2023-ல் சோளத்துக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது அனுமதியுள்ள மருந்து எது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு, கதிர் வெளிவந்து நுனியில் பூ தெரியும்போது ஒரு தடவை, பாதி பூத்ததும் இன்னொரு தடவை அடி. பாகு வழிந்த பிறகு அடித்தால் அந்தப் பூ திரும்பாது. பாகு ஒட்டிய கதிரை வெட்டிப் புதை. வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் போட்டுவிடாதே. ஆஸ்திரேலியாவில் 1996-ல் இந்நோய் நுழைந்த பிறகு, அந்தச் சோளம் தின்ற தாய்ப்பன்றிகளுக்குப் பால் வற்றியது.

கரிப்பூட்டை வேறு ரகம். அது விதையோடு வருவது. மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பை நிற்கும், நசுக்கினால் கரித்தூள். கதிரடிக்கும்போது அந்தப் பை உடைந்தால் தூள் நல்ல விதையிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எனவே அறுவடைக்கு முன்பே வயலைச் சுற்றி வா. கரிக்கதிரை உதறாமல், மெதுவாகத் துணிப்பைக்குள் விட்டு வெட்டி, பையோடு கொதிக்கும் தண்ணீரில் முக்கு. புதிதாக விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் கந்தகத் தூள் கலந்துகொள். மருந்து கலந்து மிஞ்சிய விதையைத் திண்ணையில் வைக்காதே, வீட்டில் கோழி இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்