டிஷ்வாஷரில் சென்சார் பழுதா? மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் இதழில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? டிஷ்வாஷரும் ஒரு கம்ப்யூட்டர்தான். கீபோர்டு, மவுஸுக்குப் பதிலாக சென்சார்கள் இன்புட் தருகின்றன. மோட்டார், ஹீட்டர், பம்ப் ஆகியவை அவுட்புட். நடுவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதில் பதிந்து வைத்த புரோகிராம். எனவே கம்ப்யூட்டரில் பிழைச் செய்தி வந்தால் எப்படித் தேடுவோமோ, அதே வழியில் இதிலும் தேடலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி. அதிக நேரம் நின்று பாத்திரம் தேய்க்க முடியாது என்பதால் 2020 ஊரடங்கு சமயத்தில் ஒரு டிஷ்வாஷர் வாங்கினோம். சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு போன் செய்தார். "டேய், மெஷின் நிக்கவே மாட்டேங்குதுடா. உர்ருனு ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். டிஸ்பிளேயில் இ15 என்ற எண். ஆஃப் செய்து மீண்டும் போட்டாலும் அதே உறுமல்தான். மறுநாள் வந்த மெக்கானிக் மெஷினைத் திறக்காமலேயே, "சென்சார் போயிடுச்சு, போர்டோட சேர்த்து மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். அம்மா, "வேண்டாம்டா, நான் கையாலேயே கழுவிக்கிறேன்" என்று முடிவே செய்துவிட்டார். அந்த சனிக்கிழமை டூல் கிட்டுடன் ஊருக்குப் போனேன்.

முதலில் மேனுவலை எடுத்தேன். எங்கள் மாடலில் இ15 என்றால், மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். (இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மேனுவலைப் பாருங்கள்.) பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தட்டு போன்ற ஒரு பகுதி உண்டு. அதில் தெர்மகோல் மிதவை ஒன்று, அதன் மேல் ஒரு சின்ன சுவிட்ச். எங்காவது ஒழுகினால் தட்டில் தண்ணீர் சேரும், மிதவை எழும்பும், சுவிட்ச் மாறும். உடனே புரோகிராம் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, வெளியேற்றும் பம்பை மட்டும் ஓட்டும். வீடு முழுக்கத் தண்ணீர் ஓடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பம்ப் தொட்டியில் உள்ள தண்ணீரைத்தான் இறைக்கும். கீழ்த்தட்டுத் தண்ணீர் அப்படியே இருக்கும். பேப்பர் சிக்கிய பிரிண்டரை எத்தனை முறை ஆஃப் செய்து போட்டாலும் அதே செய்திதான் வரும் அல்லவா? அதே கதைதான் இதுவும்.

இனி செய்ய வேண்டியது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் 230 வோல்ட்டோடு விளையாட வேண்டாம். தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீரை டம்ளரால் மொண்டு, மீதியைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு முன்பக்கம் தரையை ஒட்டியுள்ள தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால், டார்ச் வெளிச்சத்தில் தட்டு தெரியும். ஸ்பாஞ்சை வைத்து ஒற்றி எடுங்கள். பின்பக்கத் தண்ணீர் முன்னே வர மெஷினை லேசாகச் சாய்க்க வேண்டியிருக்கும். இதற்கு இரண்டு பேர் தேவை. தனியாக முயல வேண்டாம். (கேபினெட்டுக்குள் பொருத்திய மெஷின் என்றால் சாய்க்கவே கூடாது.) ஓர் இரவு காயவிட்டு, பாத்திரமும் சோப்பும் இல்லாமல் ஒரு குறுகிய புரோகிராமை ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் தட்டிலிருந்து ஸ்பாஞ்சில் வந்தது தண்ணீர் மட்டுமல்ல, நுரை! அம்மாவிடம் கேட்டேன். டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துவிட்டதால், கையால் தேய்க்கும் லிக்விடை இரண்டு ஸ்பூன் ஊற்றியிருக்கிறார். டிஷ்வாஷர் பவுடர் நுரை வராதபடி தயாரிக்கப்படுவது. கை லிக்விட் அப்படியல்ல. நுரை பொங்கி, கதவின் கீழ் விளிம்பு வழியாக இறங்கிவிட்டது. சென்சார் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. போர்டும் நன்றாக இருந்தது.

நுரையே இல்லாமல் மீண்டும் தண்ணீர் சேர்ந்தால், உண்மையிலேயே ஏதோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளிப், கதவு ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். எந்த இடம் என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டால், அவரால் எளிதில் போர்டை மாற்றச் சொல்ல முடியாது.

வேறு சென்சார்களும் உண்டு. தண்ணீர் எவ்வளவு அழுக்காக உள்ளது என்று பார்க்கும் சென்சாரில், ஒருபுறம் எல்.இ.டி., மறுபுறம் ஒளியை உணரும் பாகம். நடுவில் தண்ணீர் ஓடும். உப்புப் படிவமோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டினால், தண்ணீர் எப்போதும் அழுக்கு என்று நினைத்து மெஷின் நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். ஃபில்டரைக் கழுவி, டிஷ்வாஷர் கிளீனர் போட்டு, காலி மெஷினை அதிக சூட்டில் ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். போர்வெல் தண்ணீர் வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். உப்பு விளக்கு எரிந்தால் சமையல் உப்பைக் கொட்டாதீர்கள். அதில் கலந்துள்ள பொருட்கள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதியை அடைத்துவிடும். டிஷ்வாஷர் உப்பு என்றே தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்ட பிறகும் விளக்கு அணைய ஓரிரு முறை ஓட வேண்டியிருக்கலாம்.

தண்ணீர் சூடாகவே இல்லை என்றால் தெர்மிஸ்டர் மீது சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கி, அதன் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பொதுவாக, சூடு ஏற ஏற அளவு இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ, பூஜ்யம் காட்டினாலோ அந்த உதிரிபாகத்தை மட்டும் மாற்றினால் போதும். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்களும், வாரண்டி பாக்கி இருப்பவர்களும் மெஷினைத் திறக்காமல் கம்பெனியை அழைப்பதே நல்லது.

கை லிக்விட் பாட்டிலை அம்மா இப்போது டிஷ்வாஷர் பக்கமே வைப்பதில்லை. பால்கனி ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்.