காகிதத்தில் ஒரு நெகட்டிவ்: பெரிய கேமராவும் வீட்டு டார்க் ரூமும்



எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தாத்தா சங்கு குளிப்பவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961-ல் அவரும் கடலில் இறங்கினார் என்று ஆச்சி சொல்வாள். நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவருடைய போட்டோ ஒன்றுகூட எங்க வீட்டில் கிடையாது.

ஆச்சியின் படங்கள் என் செல்போனில் நிறைய இருந்தன. போன வருஷம் போன் தண்ணீரில் விழுந்தது. எல்லாம் போச்சு. அப்போதுதான், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுக்கணும் என்று தோன்றியது. தெரு முக்கில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். பரணில் கிடந்த தேக்குமர கேமராவை இறக்கித் தந்து, "உடைச்சிராதடே" என்றார். அதில் நான் கற்றதையும், கெடுத்ததையும் இங்கே சொல்கிறேன்.

1. பெரிய கேமரா என்றால் என்ன?

முன்னால் ஒரு பலகையில் லென்ஸ். பின்னால் ஒரு பலகையில் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே துருத்தி மாதிரி மடிப்புள்ள பெல்லோஸ். அவ்வளவுதான் கேமரா! கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். படம் தெளிவானதும் கண்ணாடி இருந்த இடத்தில் ஹோல்டரைச் சொருகிப் படம் எடுக்க வேண்டும்.

அண்ணாச்சியின் கேமரா ஹாஃப் பிளேட், அதாவது 4¾ × 6½ அங்குலம். சாதாரண 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டம் 24 × 36 மி.மீ. பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஹாஃப் பிளேட் 23 மடங்கு பெரியது. நெகட்டிவே இவ்வளவு பெரிதாக இருப்பதால் என்லார்ஜர் மெஷின் தேவையில்லை. நெகட்டிவ் அளவிலேயே பிரிண்ட் போடலாம். நம்மைப் போன்ற காசில்லாத மாணவர்களுக்கு இது பெரிய லாபம்.

இப்படிப்பட்ட மரக் கேமராக்கள் நம் பக்கத்து ஆலப்புழையிலேயே தயாராயின. 1940-களில் கருணாகரன் என்பவர் தொடங்கிய வாகீஸ்வரி கேமராக்கள் பல ஸ்டுடியோக்களில் இருந்தன. பழைய கேமரா கிடைத்தால் முதல் வேலை, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பெல்லோஸுக்குள் ஒரு டார்ச்சை வைத்துப் பாருங்கள். ஊசித்துளி வெளிச்சம் தெரிந்தால் அங்கே கறுப்புத் துணியைப் பசை போட்டு ஒட்டுங்கள்.

2. பிலிம் வேண்டாம், பேப்பர் போதும்

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சரக்கு ஒரு காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் இருந்தது. இப்போது அந்த ஆலை இல்லை. ஷீட் பிலிம் இங்கிலாந்து, செக் நாடுகளிலிருந்து வருகிறது, விலை அதிகம். எனவே பிரிண்ட் போடும் கறுப்பு வெள்ளை பேப்பரையே நெகட்டிவாக்கலாம். 8 × 10 அங்குல பேப்பர் ஒன்றை வெட்டினால் ஹாஃப் பிளேட் துண்டு இரண்டு கிடைக்கும். மிச்சக் கீற்றை டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இது ஏழைகளின் குறுக்கு வழி மட்டும் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தது, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம் வெயிலில், காகிதத்தில், அன்றைக்கே அது முடிந்திருக்கிறது.

3. கணக்கு

பேப்பரின் வேகம் ரொம்பக் குறைவு, ஏறக்குறைய ஐ.எஸ்.ஓ. 6. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் 1/6 விநாடி. எஃப் 11 என்றால் அதில் பாதி, 1/12 விநாடி. திண்ணை நிழலில் வெளிச்சம் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஆகவே 8/12, அதாவது 2/3 விநாடி.

இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஆளுக்காக பெல்லோஸை இழுக்கும்போது வெளிச்சம் குறையும். பெல்லோஸ் நீளத்தை லென்ஸின் குவியதூரத்தால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். எனக்கு 252 ÷ 210 = 1.2, வர்க்கம் 1.44. ஆக மொத்தம் ஒரு விநாடி. ஷட்டரே வேண்டாம். லென்ஸ் மூடியைக் கழற்றி, "ஆயிரத்து ஒண்ணு" என்று சொல்லி மூடினால் தீர்ந்தது.

பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. எனவே வெயிலில் கறுத்த முகம் இன்னும் கறுப்பாக விழும். வானம் வெறும் வெள்ளையாகும். ஆளை நிழலில் உட்கார வையுங்கள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

4. குளியலறையே டார்க் ரூம்

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எங்க குளியலறை டார்க் ரூம் ஆகிவிடும். கதவு இடுக்கில் சாக்கு. ஒரு சிவப்பு பல்பு. மூன்று பிளாஸ்டிக் ட்ரே. (அம்மாவின் சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். கெமிக்கல் பட்டது மறுபடி சோற்றுக்கு ஆகாது.)

முதல் ட்ரேயில் டெவலப்பர். டி-72 என்ற பழைய பார்முலா: ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5, பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். சல்பைட்டை மொத்தமாக முதலில் போட்டால் மெட்டால் கரையாது. உபயோகிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். நம்ம போர் தண்ணீர் கடினநீர். லேபில் சோதித்துப் பார்த்திருப்பீர்கள். அதில் கலக்கினால் சுண்ணாம்பு மாதிரி படியும். கேன் தண்ணீர் நல்லது. கையுறை கட்டாயம், காற்றோட்டமும் வேண்டும்.

இரண்டாவது ட்ரேயில் வினிகரும் சம அளவு தண்ணீரும். மூன்றாவதில் ஹைப்போ, லிட்டருக்கு 250 கிராம். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷனுக்குப் பிடித்தோமே, அதே சோடியம் தயோசல்பேட்தான்! வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுக்கிறது.

டெவலப்பரில் ஒன்று, ஒன்றரை நிமிஷம். வினிகரில் அரை நிமிஷம். ஹைப்போவில் ஐந்து நிமிஷம். பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கும். கிணற்றிலோ கடலிலோ கொட்டக் கூடாது. கேனில் சேர்த்து, துருப்பிடிக்கும் ரக இரும்பு நாரைப் போட்டால் இரும்பு கரைந்து வெள்ளி படியும்.

5. நான் செய்த தப்புகள்

முதல் நெகட்டிவ் முழுக்கக் கறுப்பு. சீரியல் பல்பில் சிவப்புக் காகிதம் சுற்றியதால் வந்த வினை. சிவப்பாகத் தெரிவதெல்லாம் பத்திரமான சிவப்பு இல்லை. பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு டெவலப் பண்ணுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கை மாற்றுங்கள். இந்தச் சோதனையை முதலிலேயே செய்யாதது என் தப்பு.

இரண்டாவதில் ஆச்சிக்கு இரண்டு மூக்கு. "ஏல, நான் என்ன பொணமா, அசையாம இருக்க?" என்று கேட்டுவிட்டாள்.

மூன்றாவதுதான் மனசு வலித்தது. அண்ணாச்சி பத்திரமாக வைத்திருந்த கடைசி இரண்டு ஷீட் பிலிமை என்னை நம்பித் தந்தார். மே மாதம். டெவலப்பரை ஐஸ் வைத்து 20 டிகிரிக்குக் குளிரவைத்தேன். கழுவ மட்டும் தொட்டித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். அது கொதிக்காத குறை. ஜெலட்டின் கொப்பளித்து, ஆச்சியின் முகம் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. இரண்டும் போயிற்று. பிலிமுக்கு டெவலப்பர் முதல் கடைசிக் கழுவல் வரை எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அண்ணாச்சி திட்டவில்லை. "பேப்பர்ல கை பழகிட்டு வா" என்றார். அதனால்தான் உங்களையும் பேப்பரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பிறகு பிலிமுக்குப் போகும்போது மீன்பிடித் துறைமுகத்து ஐஸை ஒரு வாளி வாங்கி, ட்ரேக்களைச் சுற்றி வையுங்கள். பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, முழு இருட்டு.

6. கடல் தண்ணீரில் கழுவலாம்

இது நம்ம ஊருக்கென்றே அமைந்த செய்தி. ஹைப்போ முழுக்கப் போகாவிட்டால் படம் மஞ்சளாகும். கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். எங்க தெருவில் தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது? உப்பு நீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிடச் சீக்கிரம் வெளியேற்றும். கடல் நீரைத் துணியில் வடிகட்டி (மணல் இருந்தால் கீறும்) முதலில் அதில் கழுவுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் நல்ல தண்ணீர், இரண்டு மூன்று முறை மாற்றி. உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துப் படத்தைக் கெடுக்கும். அதனால் இந்தக் கடைசிக் கழுவலை விடக்கூடாது.

7. பிரிண்ட்

காய்ந்த நெகட்டிவைப் புதுப் பேப்பரின் மேல் முகத்தோடு முகம் சேர்த்து, மேலே கண்ணாடி வைத்து அமுக்குங்கள். வெள்ளை பல்பை 2, 4, 6, 8 விநாடி என்று கீற்றில் சோதித்து நேரத்தை முடிவு செய்யுங்கள். மறுபடி மூன்று ட்ரே. டெவலப்பருக்குள் வெறும் வெள்ளைத் தாளில் முதலில் கண், பிறகு மூக்குத்தி, பிறகு முகம் என்று எழுந்து வருவதைப் பார்க்கணுமே!

நான்காவது நெகட்டிவில் ஆச்சி அசையவில்லை. பிரிண்டைக் காய வைத்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்க தாத்தாவையும் இப்படி ஒண்ணு பிடிச்சிருக்கலாம்லா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் படமே இல்லாத ஒரு முகம் இருக்கலாம். தெருவிலும் கடையை மூடிய ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சி இருக்கலாம். இரண்டு பேரும் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். கணக்கும் கெமிஸ்ட்ரியும் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு விநாடி அசையாமல் இருக்க ஆச்சியை மட்டும் சம்மதிக்க வைத்தால் போதும்.

— இரண்டாமாண்டு, இயந்திரவியல்