ஒற்றை முள் கடிகாரம் கட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு

1. இதைப் புதுப் பாணி என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் ஒரே முள்தான். நாளுக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடிய இயந்திரத்துக்கு நிமிட முள் எதற்கு? 1656-ல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்திய பிறகே நிமிட முள் பரவியது. பிறகும் ஒற்றை முள் அழியவில்லை. பிரெஞ்சுப் புரட்சி ஓய்ந்து பாரிஸ் திரும்பிய கடிகாரக் கலைஞர் பிரெகே, விலையில் கால் பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒரு முள் மட்டுமுள்ள சட்டைப்பைக் கடிகாரங்களைச் செய்துகொடுத்தார். எளிமையாக இருந்ததால் விலையும் குறைந்தது.

2. படிக்கப் பழகுங்கள், இதில்தான் சுகம் முழுவதும் இருக்கிறது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 2001-ல் மான்ஃப்ரெட் பிராஸ்லர் தொடங்கிய மைஸ்டர்சிங்கர் கடிகார நிறுவனத்தின் டயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குப் பன்னிரண்டு பிரிவு, மொத்தம் 144. கோட்டுக்குக் கோடு ஐந்து நிமிடம். முள் ஏழையும் எட்டையும் இணைக்கும் வழியில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்: ஏழேகால், ஏழரை, ஏழேமுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். நிமிட முள்ளைத் தேடிக் கூட்டிச் சொல்லும் வேலையே இல்லை. போன மணியும் வரப்போகும் மணியும் ஒரே பார்வையில் தெரியும். எனக்கு இந்தக் கடிகாரத்தின் மேல் பிரியம் வந்தது இதனால்தான். சில நாள் கட்டினால் இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தைக்கூடக் கண் பிடித்துவிடும்.

3. முள் குறைந்ததால் இயந்திரமும் மட்டம் என்று எண்ண வேண்டாம். உள்ளே ஓடுவது பெரும்பாலும் மூன்று முள் கடிகாரங்களில் இருக்கும் அதே சுவிஸ் இயந்திரம்தான்.

4. நேரம் வைக்கும்போது நிதானம் வேண்டும். பற்சக்கரங்களுக்கிடையே சிறு தளர்வு எப்போதும் இருக்கும். மணி முள்ளில் அது சில நிமிடப் பிசகாகத் தெரியும். எனவே முள்ளை முன்னோக்கியே நகர்த்திக் கோட்டில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி முன்னால் வாருங்கள். முழு மணியில் வைப்பது எளிது.

5. சாவி கொடுக்கும் வகை என்றால் தினமும் காலையில் கொடுங்கள். முழுச் சாவிக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். திருகு இறுகியதும் விட்டுவிடுங்கள்.

6. நாடி பிடிக்கும் செவிலியருக்கும் ரயில் ஓட்டுபவருக்கும் இது ஆகாது. அவர்களுக்கு நொடி வேண்டும்.

7. சின்ன டயலை அழகுக்காக வாங்காதீர்கள். 36 மில்லிமீட்டர் வட்டத்தில் 144 கோடு போட்டால் இரண்டு கோடுகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் இடம்தான். முள்ளின் நுனி ஊசிபோல் மெலிந்து கோட்டைத் தொட வேண்டும். கடையிலேயே கையில் கட்டி, கையை நீட்டி, வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று மணி சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அடுத்த மாதிரியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.