மானியம் கேட்க நாம் தயாரா? – ஊர்த் தொண்டு அமைப்புகளுக்கு ஒரு பாடம்



சமுதாயச் சொந்தங்களே! நம் திருப்பூரில் பைத்துல்மாலுக்கு வரும் பணமும் பனியன் தொழிலிலிருந்துதான் வருகிறது. உதவி கேட்டு வருகிறவரும் பெரும்பாலும் பனியன் தொழிலாளிதான். ஆர்டர் நிறைய இருக்கும் காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்ட நாட்களையும், 2020 ஊரடங்கையும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியதையும் நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட நேரங்களில் கொடுப்பவர் கை சுருங்கும்; அதே மாதத்தில் கேட்பவர் வரிசை நீளும்.

எனவே, வெள்ளிக்கிழமை வசூலையும் நான்கைந்து தனவந்தர்களையும் மட்டும் நம்பி மாலை நேரப் பாட வகுப்பையோ மருத்துவ உதவியையோ ஆண்டுக்கணக்கில் நடத்த முடியாது. கம்பெனிகளும் பெரிய அறக்கட்டளைகளும் தரும் மானியத்தைப் பெற நம் அமைப்புகள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த இதழில் படிப்போம்.

1. பணம் யாரிடம் இருக்கிறது?

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். நிதி என்கிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, 5 கோடி லாபம் என்பது நம் ஊர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு எட்டாத அளவு அல்ல. சராசரி லாபம் 6 கோடி என்றால் அந்தக் கம்பெனி ஒதுக்க வேண்டியது 12 லட்சம். இரண்டாவது, கணக்கு மூன்று ஆண்டுச் சராசரியில் போடப்படுவதால், ஒரு வருடம் ஆர்டர் குறைந்தாலும் இந்தத் தொகை உடனே அடியோடு சரிந்துவிடாது. மூன்றாவது, தான் இயங்கும் பகுதிக்குக் கம்பெனி முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இந்தச் சட்டம் கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களுக்குத்தான். நம் ஊரில் பங்குதாரர் நிறுவனங்களும் தனி உரிமையாளர் யூனிட்டுகளும் ஏராளம். அவற்றுக்கு இந்தக் கடமை இல்லை. அவர்களிடம் நன்கொடையாகக் கேட்கலாம், சி.எஸ்.ஆர். என்று கேட்க முடியாது.

கம்பெனிகளைத் தவிர, டாடா டிரஸ்ட்ஸ், அசீம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் போன்ற பெரிய அறக்கட்டளைகள் தொண்டு அமைப்புகளுக்கு மானியம் தருகின்றன. அரசு வழியில், மாவட்ட அளவில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு இணை மானியம் தருகிறது. விதவைகள், ஆதரவற்ற பெண்கள் பற்றிய மனுக்களை அங்கே கொண்டு செல்வதும் நம் பணியே.

2. தாள்கள் தயாரா?

மானியம் தருபவர் முதலில் பார்ப்பது நம் ஆவணங்களை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம், அறக்கட்டளை பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையின் 12ஏபி பதிவு, 80ஜி அங்கீகாரம், நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு, ஆடிட்டர் கையெழுத்திட்ட மூன்றாண்டுக் கணக்கு ஆகியவை கையில் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், சி.எஸ்.ஆர். நிதியைப் பெறும் அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றிருக்க வேண்டும். ஆடிட்டர் சான்றளித்து அதைத் தாக்கல் செய்யலாம்.

நம்மைப் போன்ற அமைப்புகள் அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பதும் விதி. ஆகவே இன்று சிறிய அளவில் நடக்கும் வகுப்புக்கும் வருகைப் பதிவேடு வையுங்கள், புகைப்படம் எடுங்கள், செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பதிவேடுதான் நமக்காகப் பேசும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் 12ஏபி, 80ஜி என்ற பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் பதிவு எந்தத் தேதி வரை செல்லும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பத்திரத்தில் உள்ள ஒரு வரி

பல அறக்கட்டளைப் பத்திரங்களில் ‘ஏழை முஸ்லிம்களின் நலனுக்காக’ என்று நோக்கம் எழுதப்பட்டிருக்கும். எழுதிய பெரியவர்களின் எண்ணம் நல்லது. ஆனால் குறிப்பிட்ட ஒரு மதத்தவருக்கோ சாதியினருக்கோ மட்டும் என்று நோக்கம் கூறும் அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் கிடைக்காது. இந்த விதி எல்லாச் சமயத்தாருக்கும் பொது. பெண்கள், குழந்தைகள், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆகியோரின் நலனுக்காக அமைந்தவற்றுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது.

இதற்காகப் பள்ளிவாசல் வக்ஃபின் நோக்கத்தில் கை வைக்கக் கூடாது. அது வேறு சட்டத்தின் கீழ் உள்ள அமானிதம். பழைய அறக்கட்டளைப் பத்திரத்தைத் திருத்துவதும் எளிதல்ல. திருத்த அதிகாரம் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும். பல ஜமாஅத்துகளுக்கு ஏற்ற வழி, கல்வி, மருத்துவம் போன்ற பொதுப்பணிக்கென எல்லா மக்களுக்கும் பயன்படும் தனி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்வதுதான்.

‘அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?’ என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் தெருவில் வகுப்பு நடந்தால் நம் பிள்ளைகள்தான் முதலில் வந்து அமர்வார்கள். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளியின் பிள்ளையும் உடன் அமர்ந்து படிப்பதால் நமக்கு எந்தக் குறையும் இல்லை. அண்டை வீட்டாரின் உரிமை நமக்குப் புதிய பாடமும் அல்ல.

4. பணத்தைக் கலக்காதீர்கள்

ஜகாத் யாருக்கு என்பதைத் திருக்குர்ஆன் (9:60) எட்டு வகையாகச் சொல்லிவிட்டது. மானியப் பணம் யாருக்கு, எதற்கு என்பதை ஒப்பந்தம் சொல்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதக் கூடாது. முடிந்தவரை தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வகுப்புக்கு வந்த தொகையில் இஃப்தார் நடத்துவதும், பள்ளிவாசல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் நல்ல காரியங்களாகவே இருந்தாலும் ஒப்பந்த மீறல்தான். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைமை அதிகாரி சான்றளிக்க வேண்டியிருப்பதால், நம் ஒவ்வொரு சீட்டும் அவர் மேசைக்குப் போகும்.

வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தாலோ, வெளிநாட்டு அமைப்பு அனுப்பினாலோ, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற இன்னொரு அமைப்பு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய வழியையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது.

5. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

‘எங்கள் பகுதியில் ஏழைகள் அதிகம், தாராளமாக உதவுங்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் மூன்று தெருக்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் 40 பிள்ளைகளின் பெற்றோர் இருவருமே ஒன்றரை ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். மாலை 5 முதல் 8 மணி வரை பிள்ளைகளைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை.’ எண்ணிக்கை உங்கள் தெருவில் எண்ணியதாகவே இருக்க வேண்டும். மேலே உள்ளது மாதிரிக்கு மட்டும்.

அடுத்து, என்ன செய்வோம், யார் செய்வார்கள், எவ்வளவு செலவு, பலனை எப்படி அளப்போம் என்று நான்கு பத்தி எழுதினால் போதும். செலவு மாதிரி: இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் தலா 8,000 வீதம் ஆண்டுக்கு 1,92,000, இட வாடகை மாதம் 5,000 வீதம் 60,000, புத்தகம், நோட்டு 40 பிள்ளைகளுக்குத் தலா 1,500 வீதம் 60,000, மொத்தம் 3,12,000. இதில் வாடகையை நாமே ஏற்கிறோம் என்று எழுதி 2,52,000 கேட்டால், நம் பங்கும் இருக்கிறது என்ற மதிப்பு வரும்.

சம்பளம் கேட்கத் தயங்க வேண்டாம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு கம்பெனியின் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்கு உரியது. பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவு.

நேரமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஜனவரி, பிப்ரவரியிலேயே விண்ணப்பத்தைக் கொண்டு சேர்த்துவிடுங்கள். ஆண்டுச் சி.எஸ்.ஆர். தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் குழு கட்டாயமில்லை. இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். நம் ஊரில் அது பெரும்பாலும் முதலாளியும் அவர் குடும்பமும்தான். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்.

6. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்

‘பத்து லட்சத்துக்கு ரசீது கொடுங்கள், ஆறு லட்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தாருங்கள்’ என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மானியம் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள் என்று வரும் இடைத்தரகரிடமும் அப்படியே. அந்த நான்கு லட்சத்தில் நடக்கும் வகுப்புக்கு பரக்கத் இராது. ரசீதில் கையெழுத்திட்ட நிர்வாகி வழக்கில் நிற்பார், அமைப்பின் பதிவும் போகும். இருபது ஆண்டு சேர்த்த நல்ல பெயர் ஒரு ரசீதில் போய்விடும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

நிர்வாகிகள் பத்திரத்தை எடுத்து நோக்கப் பகுதியை ஒருமுறை படியுங்கள். கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ், மனிதவளப் பிரிவுகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்கிக் கணக்கை ஒழுங்குபடுத்த உதவுங்கள். தெருக் கணக்கெடுப்பைச் சகோதரிகள்தான் சரியாகச் செய்ய முடியும். பூட்டிய கதவு அவர்களுக்குத்தான் திறக்கும். மற்றவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து ஆடிட் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம் வீட்டார் முன் காட்ட முடிந்த கணக்கை எந்தக் கம்பெனி முன்னும் வைக்கலாம்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். காரணம் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை ஆர்டர் குறையும்போது நம் பிள்ளைகளின் வகுப்பு நிற்காது.

வஸ்ஸலாம்.