கணிப்பொறிக்கும் விதைநெல் வேண்டும்

விளைந்த நெல் முழுவதையும் உண்டு தீர்க்கும் உழவர் இலர். அடுத்த பருவத்திற்கென நல்ல விதையைப் பிரித்து, ஈரம் படாத இடத்தில் காப்பது நம் வழக்கம். ஊராட்சி அலுவலகத்துக் கணிப்பொறிக்கும் இத்தகைய விதைநெல் அவசியம். அதனைச் சேமிக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு கரை கடந்தது. சென்னையில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் பல கட்டடங்களின் தரைத்தளம் நீரில் மூழ்கியது. இத்தகைய வெள்ளம் நம் ஊருக்கு வருமாயின், மேசையின்கீழ் உள்ள கணிப்பொறி தப்புமா? புதிய இயந்திரம் வாங்கலாம். அதனுள் இருந்த வரிக் கணக்கையும் மன்றத் தீர்மானங்களையும் எந்தக் கடையில் வாங்குவது?

கணிப்பொறியில் இருவகைச் செல்வம் உண்டு. ஒன்று, நாம் எழுதிய கோப்புகள். மற்றொன்று, இயந்திரத்தை நடத்தும் இயங்குதளமும் அதில் நாம் அமைத்த மென்பொருள்களும். கோப்புகளை மட்டும் காத்தால், அச்சுப்பொறி முதல் தமிழ் எழுத்து வரை யாவற்றையும் மீண்டும் அமைக்க நேரும். வன்தட்டு முழுவதையும் பிம்பமாக எடுத்து வைத்தால், பழைய நிலை விரைவில் திரும்பும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளத்தை எவரும் இலவசமாகப் பெறலாம். தைவான் நாட்டில் உருவான 'குளோன்ஸில்லா' என்னும் பிரதிக் கருவியும் இலவசமே. விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டையும் அது பிரதி எடுக்கும். வெளி வன்தட்டு ஒன்றும் பென் டிரைவ் ஒன்றும் வாங்கினால் போதும்.

செய்முறை வருமாறு:

1. குளோன்ஸில்லாவைப் பென் டிரைவில் பதிந்து, கணிப்பொறியை முழுவதும் அணைத்துப் பின் அந்தப் பென் டிரைவைக் கொண்டே தொடங்குக.

2. வெளி வன்தட்டை இணைத்து, உள் வன்தட்டின் பிம்பத்தை அதில் சேமிக்குக. பிம்பம் பழுதற்றதா எனச் சோதிக்கும் வசதியையும் தவறாது பயன்படுத்துக.

3. மீட்கும்போது பிம்பத்தைப் புதிய வன்தட்டில் இறக்குக. அது பழைய வன்தட்டைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. இறக்கும் வன்தட்டில் முன்னிருந்தவை யாவும் அழியும். ஆதலால் அதன் பெயரை இருமுறை பார்த்தபின்னரே சம்மதம் தருக.

பிம்பம் எடுத்த நாளுக்குப்பின் எழுதிய கணக்குகள் அதில் இரா. ஆகவே அன்றாடக் கோப்புகளை நாள்தோறும் தனியே பிரதி செய்தல் வேண்டும்.

விதையை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்த்தே விதைக்கிறோம். அவ்வாறே பிம்பத்தையும் உபரி வன்தட்டு ஒன்றில் இறக்கி, இயந்திரம் இயங்குகிறதா என ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்ப்போம். சோதியாத பிரதியை நம்புதல் முளைப்புப் பாராத விதையை நம்புவதற்கு ஒப்பாகும். பிரதியைக் கணிப்பொறியின் அருகிலேயே வைத்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தில் போம். மேட்டில் உள்ள வேறொரு பொதுக் கட்டடத்தில், மக்கள் விவரம் அடங்கியதாதலால் பூட்டி வைப்பதே முறை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் மூன்று வினாக்களை எழுப்புவோம்: கடைசிப் பிரதி என்று எடுத்தோம்? அது எங்கே உள்ளது? அதைச் சோதித்தோமா? மூன்றிற்கும் விடை கிடைக்குமாயின், ஊரின் கணக்கு காப்புடன் உள்ளது எனக் கொள்ளலாம்.