இ.ஜி.ஆர். வால்வு: அடைப்பதா, சரிசெய்வதா?



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டும் சகோதரர்கள், தவணை தள்ளிப்போகும்போது சொல்லும் காரணம் ஒன்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. "வண்டி இழுக்கல, செக் லைட் எரியுது, ஷெட்ல நிக்குது" என்பார்கள். விசாரித்தால் பல நேரம் அது இ.ஜி.ஆர். வால்வில் போய் முடிகிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும். "அடைச்சு விட்டுடலாம் பாய், அப்புறம் வண்டி பறக்கும்னு மெக்கானிக் சொல்றார். அடைக்கலாமா?" மார்க்கமும் என்ஜினும் சேர்ந்து வரும் கேள்வி என்பதால் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் அந்த வால்வின் வேலை என்ன என்று பார்ப்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமாக இவை இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. சிலிண்டருக்குள் வெப்பம் மிக அதிகமாக ஏறும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகின்றன. இதைக் குறைக்கத்தான், சைலன்சர் வழியே வெளியேற வேண்டிய புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த புகை இரண்டாம் முறை எரியாது. அது இடத்தை அடைத்துக்கொண்டு வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிலிண்டரின் உச்ச வெப்பம் இறங்குகிறது. எவ்வளவு புகை, எப்போது உள்ளே போகலாம் என்று திறந்து மூடும் கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் அது மூடியிருக்க வேண்டும். சீரான வேகத்தில் ஓடும்போது திறக்க வேண்டும்.

அந்தக் கதவு வழியே நாள்தோறும் கரி போகிறது. என்ஜினின் கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அதனோடு சேர்ந்தால் தார் போல இறுகிப்போகும். கதவு திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் அறிகுறி வேறு. திறந்தபடி சிக்கினால் ஐடிலில் வண்டி நடுங்கும், சிக்னலில் நின்றுபோகும், பிக்கப் இருக்காது, டீசல் வண்டி கரும்புகை கக்கும். மூடியபடி சிக்கினால் டீசல் வண்டி ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. செக் என்ஜின் விளக்கு மட்டும் எரியும். பெட்ரோல் வண்டியானால் மேட்டில் ஏறும்போது என்ஜினில் தட்டும் சத்தம் கேட்கலாம்.

கரும்புகை என்றதுமே இ.ஜி.ஆர். என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போ ஹோஸ் கிழிந்திருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே அறிகுறிதான். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0401 என்றால் போதுமான புகை உள்ளே போகவில்லை. பி0402 என்றால் அதிகமாகப் போகிறது. பி0403 என்றால் மின் இணைப்பில் கோளாறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோடு வந்ததுமே "வால்வு போச்சு" என்று புது வால்வுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கடைகள் உண்டு. கோடு சொல்வது புகை சரியாக ஓடவில்லை என்பதை மட்டுமே. வால்வு நன்றாக இருந்து, அதற்குப் போகும் பாதை கரியால் அடைத்திருக்கலாம். வேக்குவம் குழாய் சூட்டில் வெடித்திருக்கலாம். கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். தெருவோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரும் உண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

அடுத்தது, வால்வு அசைகிறதா என்ற சோதனை. பழைய வேக்குவம் வகை வால்வுக்கு என்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, கைப்பம்பால் வேக்குவம் கொடுக்க வேண்டும். வால்வு திறந்ததும் பெட்ரோல் வண்டி தடுமாறும் அல்லது நின்றுவிடும். டீசலில் என்ஜின் சத்தம் மாறும். எந்த மாற்றமும் இல்லை என்றால் வால்வு அசையவில்லை, அல்லது பாதை அடைப்பு. மின்சார வால்வு என்றால் ஸ்கேனரிலேயே திறக்கவும் மூடவும் கட்டளை கொடுக்கலாம். கேட்ட அளவும் உண்மையில் திறந்த அளவும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதோடு காற்று அளவு சென்சாரின் எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு திறக்கும்போது அந்த எண் இறங்க வேண்டும், ஏனென்றால் புகை உள்ளே வரும் அளவுக்குப் புதுக் காற்று குறையும். வால்வு திறந்தும் எண் இறங்கவில்லை என்றால் பாதையில்தான் அடைப்பு. இந்த ஒரு சோதனையை மெக்கானிக் செய்து காட்டினாரா என்று கேட்டாலே தேவையில்லாத புது வால்வுச் செலவு பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரம் ஆகாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரை விடுவித்து, போல்ட்டுகளை எடுக்க வேண்டும். கூலண்ட் குழாய் சேர்ந்திருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு. வெளியே வந்த வால்வைக் கார்பன் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்து, பிறகு எப்போதும் ஒழுகும். மோட்டார் உள்ள மின் பகுதியை எந்தத் திரவத்திலும் முக்கக் கூடாது. மேனிஃபோல்டுக்குள் கிளீனர் தேங்கி நின்ற நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்வது ஆபத்து. திரவத்தை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம். கையுறையும் முகக்கவசமும் அவசியம், அந்தக் கரி நெஞ்சுக்கு ஆகாது. மாட்டும்போது புது கேஸ்கெட் போட வேண்டும். பழையதையே திருப்பி மாட்டி, புகை கசிந்து, அதே கோடு மறுபடி வந்து ஷெட்டுக்குப் போன வண்டிகள் இருக்கின்றன. கடைசியில் ஸ்கேனரால் கோடை அழித்து, மின்சார வால்வானால் மூடிய நிலையை என்ஜின் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே பல்சக்கரம் உடைந்திருந்தாலோ மோட்டார் எரிந்திருந்தாலோ கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையது வாங்குபவர்கள் பார்ட் நம்பரை ஒப்பிட்டு, மாட்டிச் சோதித்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

கூலண்ட் வெளியே ஒழுகாமலேயே குறைந்துகொண்டு வந்தால் இ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. கூலரில் கசிந்த கூலண்ட், கரியோடு சேர்ந்து தீப்பற்றியதுதான் காரணம் என்று அந்த நிறுவனமே சொல்லி, வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

இனி, அடைக்கும் விஷயம். இடையில் ஒரு தகடு வைத்து வழியை மூடுவது, கணினியில் மென்பொருளை மாற்றி விளக்கு எரியாமல் செய்வது, இவை இரண்டும்தான் வழக்கம். அடைத்தால் வண்டி நன்றாக இழுக்கிறது என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. கரி உள்ளே போகாது, கரும்புகையும் குறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்து, தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் மையத்தில் பார்ப்பது புகையின் கருமையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதில்லை. ஆகவே அடைத்த வண்டிக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வேகன் மோசடியும் இதே இனம். சோதனை நடக்கும்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டி, சாலையில் வேறு மாதிரி ஓடும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். இந்தியாவிலும் அந்த நிறுவனம் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது.

டீசல் காருக்குப் பி.எஸ்.4 விதியில் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதி. 2020 ஏப்ரல் முதல் அமலான பி.எஸ்.6 விதியில் 0.08 கிராம்தான். வால்வை அடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். காற்று மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ உண்டு. பிடிபடுவது அபூர்வம் என்பது நமக்கும் தெரியும். ஆனால் பம்மல் சாலையில் நெரிசலில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்பது யார்? மாலை மக்தப் விட்டு வரும் பிள்ளைகளும் அங்கேதான் சாலையைக் கடக்கிறார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நம் லாபத்துக்காகப் பிறருக்குத் தீங்கைத் தள்ளிவிடக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. யாரும் பார்க்கவில்லை என்பதால் அது மாறாது.

அடைத்த வண்டியை விற்கும்போது இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. பொருளின் குறையை அறிந்துகொண்டே மறைத்து விற்பது ஹலாலான வியாபாரம் ஆகாது. வாங்குபவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழுவி மாட்டிய வால்வு சில மாதத்திலேயே மறுபடி அடைத்தால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. இன்ஜெக்டர், டர்போ எண்ணெய்க் கசிவு, தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓட்டும் விதமும் ஒரு காரணம். அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் போய்த் திரும்பும் குறுகிய சவாரியிலேயே நாள் முழுதும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை, கரி சீக்கிரம் படியும். வாரம் ஒருமுறை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ தாம்பரம்–மதுரவாயல் பைபாஸிலோ 20 நிமிடம் நிற்காமல் ஓட்டினால் படிவது குறையும். படிந்ததை அது நீக்கிவிடாது. என்ஜின் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுங்கள்.

இ.ஜி.ஆர். பழுதுக்காக வட்டியில்லாக் கடன் கேட்கும் சகோதரர்கள் ஸ்கேன் ரிப்போர்ட் நகலோடும் மெக்கானிக்கின் மதிப்பீட்டோடும் லுஹர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரவும். கழுவுவதற்கும் மாற்றுவதற்கும் இன்ஷா அல்லாஹ் உதவுவோம். அடைப்பதற்குக் கடன் தருவதில்லை.