அஞ்சலட்டையில் ஒரு பாலைவன ஊர்

பாலைவனம் என்றதும் நம் கண்முன் தோன்றுவன ஒட்டகமும் மணல்மேடும் பேரீச்ச மரமும்தானே! நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இவ்வாண்டு வரலாற்று மன்றக் கூட்டத்தில் எங்கள் அருட்சகோதரி பழைய நிழற்படங்கள் சிலவற்றின் பிரதிகளை மேசைமேல் பரப்பி, "இது எந்த ஊர்? சொல்லுங்கள் பார்ப்போம், பிள்ளைகளே!" என்றார். ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. தொப்பியணிந்த ஆண்களின் கூட்டம், துணிக் கூடாரங்கள், புழுதி, தொலைவில் மொட்டை மலை. பத்து நிமிடம் ஊகித்தும் ஒருவருக்கும் விடை வரவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகஸ் என்று சிஸ்டர் சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது. மின்விளக்குகளுக்கும் சூதாட்ட விடுதிகளுக்கும் பேர்போன ஊரா இது!

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். மொஹாவி பாலைவனத்தின் நடுவே அங்கே நல்ல நீரூற்றுகள் இருந்தன. பையூட் இன மக்கள் நெடுங்காலமாக அவற்றை நம்பி வாழ்ந்தனர். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே இருப்புப்பாதை போட்டபோது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. ஊர் பிறந்த கதை இவ்வளவுதான்.

கூட்டம் நிற்கும் படம் 1905 மே 15 அன்று எடுத்தது. அன்று இரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டது. வெயில் நூறு டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல்! இரண்டே நாளில் 2,65,000 டாலருக்கு மனைகள் விலைபோயின. ஏலம் நடந்த இடத்தில் நின்றவை மெஸ்கிட் மரங்கள். நம் கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது என்று அறிந்ததும் அந்தப் படம் சற்றே பழக்கப்பட்டதாகத் தோன்றியது.

இருப்புப்பாதையின் மேற்குப் பக்கம் அதற்கு முன்பே மெக்வில்லியம்ஸ் என்ற நில அளவையாளர் மனை விற்றுவந்தார். கூடாரங்களே வீடும் கடையுமாக இருந்ததால் அதைக் கந்தல் ஊர் என்றார்கள். ஏலம் முடிந்ததும் பலர் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்விட்டனர். மீந்திருந்ததில் பெரும்பகுதியை அதே ஆண்டு செப்டம்பரில் தீ தின்றது.

நிழற்படங்களைவிட அஞ்சலட்டைகளே எங்களுக்கு மிகுதியாகக் கற்றுத்தந்தன. 1903-ல் கோடக் நிறுவனம் அஞ்சலட்டை அளவிலேயே படமெடுக்கும் மடக்குக் கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பெரிய அச்சகம் இல்லாத ஊரிலும் ஒருவர் தம் தெருவைப் படமெடுத்து, அதையே அட்டையாக்கி, ஒரு சென்ட் தபால்தலை ஒட்டி அனுப்ப முடிந்தது. அட்டையின் காலத்தைக் கணிக்கவும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 1907 மார்ச் வரை பின்புறத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். அதன் பிறகே பின்புறத்தைச் செய்திக்கும் முகவரிக்குமாகப் பிரிக்கும் நடுக்கோடு வந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல் எந்தப் பழைய அட்டை கிடைத்தாலும் முதலில் புரட்டிப் பின்புறம் பார்ப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது.

வண்ண அட்டைகளை மட்டும் எளிதில் நம்பிவிடக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில்தான் நிறம் ஏற்றினார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு அமெரிக்க அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சாயின. ஊரை ஒருநாளும் காணாத ஒருவர் புல்லுக்குத் தம் விருப்பம்போலப் பச்சை தீட்டியிருந்தால் யார் கேட்பது?

ஓர் அட்டையைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. தரையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டு நிற்க, அதன் வாயிலிருந்து தண்ணீர் குடை விரித்தாற்போல் பொங்குகிறது. குழாய் உடைந்துவிட்டது என்றோம் சிலர். இல்லை, அது ஆர்ட்டீசியன் கிணறு! பாறை அடுக்குகளுக்கிடையே அழுத்தத்தில் அடைபட்ட நீர், துளையிட்டதும் மோட்டார் இல்லாமலே மேலே எழும் என்று புவியியலில் படித்தோமே, அதுதான். 1907 முதல் அங்கே இத்தகைய கிணறுகள் தோண்டப்பட்டன. "பாலைவனம் என்று அஞ்சாதீர்கள், இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வந்து மனை வாங்குங்கள்" என்பதே அந்த அட்டையின் பேச்சு. பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் பல கிணறுகளை மூடாமலே விட்டதால் நீர் இரவு பகலாக வீணாக ஓடியது. அட்டையில் அழகாகத் தெரிவது அந்த வீண்தான் என்று எங்களில் ஒருத்தி சொன்னபோது சிஸ்டர் உட்பட எல்லாரும் சற்று நேரம் பேசவில்லை. மக்கள் பெருகி மேலும் மேலும் நீர் எடுத்ததால் 1962-ல் அந்த ஊற்றுகள் தரைக்கு வருவதே நின்றுபோயிற்று. இன்று அந்நகரத்தின் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது.

படங்களில் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் எங்கே என்று தேடியபோது கிடைத்தவர் ஹெலன் ஸ்டூவர்ட் அம்மையார். 1884-ல் அவருடைய கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சவப்பெட்டி செய்தார்களாம். கையில் நான்கு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. அந்த நிலையிலும் ஊற்றை ஒட்டிய பண்ணையைத் தாமே நடத்தினார். 1893-ல் அங்கே அஞ்சலகம் வந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1902-ல் பண்ணையை இரயில்வேக்காக செனட்டர் கிளார்க்குக்கு விற்றார். அவர் இல்லாவிடில் ஏலமும் இல்லை; ஆனால் ஊரைத் தோற்றுவித்தவர் என்று முதலில் சொல்லப்படுவது கிளார்க்கின் பெயர். எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை.

அவரிடமும் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. பையூட் பெண்கள் முடைந்த கூடைகளை அவர் ஆர்வத்தோடு சேகரித்தார். சேகரித்தவர் பெயர் நூல்களில் இருக்கிறது. முடைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. ஆயினும் 1911-ல் அவர் அம்மக்கள் குடியிருக்கவென்று பத்து ஏக்கர் நிலத்தை 500 டாலருக்கு அரசிடம் விற்றார். ஊற்றையே தங்களுடையதாகக் கொண்டிருந்தவர்களுக்குப் பத்து ஏக்கர்! அந்த நிலம் இன்றும் நகரின் நடுவே பையூட் மக்களிடமே இருக்கிறது. சிஸ்டர் கொண்டுவந்த படங்களில் அது இல்லை. நாங்கள் நகரின் வரைபடத்தை விரித்து, தேடிக் கண்டுபிடித்து, பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.